திறக்குமுன் ஒரு மணி நேரம்

2013 ஆகஸ்டில் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவியாகச் சேர்ந்தேன். முதல் வாரமே சீனியர் அக்கா என் உள்ளங்கையில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

"ட்யூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாரு."

பஞ்சுமிட்டாயைப் பிய்த்துத் தின்ற பிறகு குச்சியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல அடியில் வெள்ளையாக ஒரு தீற்றல் தெரிந்தது.

"ஒரு மில்லிகிராம். உன் மாச ஸ்டைபண்ட்ல பாதிக்கு மேல விலை. மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து விடணும். இல்லன்னா பாதி மூடியிலயே ஒட்டிட்டிருக்கும், மீதி காத்துல போயிரும்."

அவர் மிகைப்படுத்தவில்லை. உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்திய பெப்டைடு அவ்வளவு லேசானது. பிளாஸ்டிக் கையுறையில் ஏறியிருக்கும் நிலைமின்சாரமே அதை இழுத்துக்கொள்ளும். அடுத்த ஆறு வருடம் என் வாழ்க்கை அந்தத் தீற்றலைச் சுற்றித்தான் ஓடியது.

அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைடு. சங்கிலி நீண்டு தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்தால் அதைப் புரதம் என்கிறோம். என் குப்பியில் இருந்தது 42 மணிகள் கொண்ட அமிலாய்டு பீட்டா. நினைவு அழிந்துபோகும் நோயை 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்தபோது, இறந்த பெண்ணின் மூளையில் படிவுகளைக் கண்டதாகச் சொன்னார். அந்த நோயில் படிவது ஒரு சிறு பெப்டைடு என்று கிளென்னரும் வாங்கும் பிரித்துக் காட்ட 1984 வரை ஆயிற்று. நாங்கள் அந்தப் பெப்டைடைக் குழாயில் வைத்து, அது எப்படி ஒன்றோடொன்று ஒட்டி நாராகிறது, எதைப் போட்டால் ஒட்டாமல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் ஆய்வு வழிகாட்டியான மேடம் வகுப்பெடுக்கும்போது 1963 என்ற வருடத்தைத் தவறாமல் சொல்வார். அந்த வருடம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும், பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று வரைந்து காட்டிய கட்டுரை வெளிவந்தது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அந்த வரைபடம் ராமச்சந்திரன் பெயரோடு இன்றும் இருக்கிறது. அதே வருடம் நியூயார்க்கில் புரூஸ் மெரிஃபீல்டு, சங்கிலியின் ஒரு முனையைச் சின்னப் பிளாஸ்டிக் மணியில் கட்டிவைத்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கழுவி வெளியே விடும் முறையைக் கொடுத்தார். முதலில் அவர் செய்தது வெறும் நான்கு மணிச் சங்கிலி. அந்த முறைக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆய்வகங்களுக்கு வரும் பெப்டைடு குப்பிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் பிறந்தவைதான்.

அந்த முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட நாளில்தான் குப்பியின் மேல் எனக்கு மரியாதை வந்தது. 42 மணிகளைக் கோக்க 41 இணைப்புகள் வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் 100க்கு 99 தடவை சரியாக விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், கடைசியில் முழுச் சங்கிலியாக நிற்பது 66 சதவீதம்தான். 98 என்றால் 44க்கு இறங்கிவிடும். மீதியெல்லாம் ஒரு மணி, இரண்டு மணி விட்டுப்போன சங்கிலிகள். அவற்றை எச்.பி.எல்.சி. என்ற பிரிப்புக் கருவியில் ஓட்டிப் பிரித்தெடுத்துத்தான் 95 சதவீதத் தூய்மை என்று சான்றிதழில் அச்சடிக்கிறார்கள்.

அந்த 95ஐ நான் தப்பாகப் படித்தேன். குப்பியில் உள்ள பெப்டைடு சங்கிலிகளில் 95 சதவீதம் சரியான சங்கிலி என்பது மட்டும்தான் அதன் பொருள். குப்பியில் உள்ள எடை முழுவதும் பெப்டைடு என்று அது சொல்லவில்லை. தூய்மைப்படுத்தும்போது சேர்ந்த ட்ரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம் உப்பாக ஒட்டியிருக்கும், எவ்வளவு உலர்த்தினாலும் போகாத கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். சான்றிதழின் அடியில் வேறொரு வரி உண்டு: நிகரப் பெப்டைடு அளவு. எனக்கு வந்த குப்பிக்கு அது 74 சதவீதம். ஒரு மில்லிகிராம் என்று லேபிள் சொன்னது. உண்மையில் இருந்தது முக்கால் மில்லிகிராமுக்கும் குறைவு. நான் லேபிளை நம்பி 221 மைக்ரோலிட்டரில் கரைத்து, ஒரு மில்லிமோலார் என்று குழாயின் மேல் எழுதி வைத்தேன். என் முதல் பத்துச் சோதனைகளில் எழுதிய செறிவு எதுவும் சரியில்லை. இப்போது என்னிடம் வரும் மாணவர்களிடம் அந்த வரியைத் தேடிப் பிடித்து அடிக்கோடு போடச் சொல்கிறேன். அந்த வரி சான்றிதழில் இல்லையென்றால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறேன்.

ஆனாலும் அது கணக்குப் பிழை. கண்டுபிடித்ததும் திருத்த முடிந்தது. அந்த நவம்பரில் நான் செய்தது திருத்த முடியாதது.

வடகிழக்குப் பருவமழை. ஆய்வக ஜன்னல் கண்ணாடி காலையிலேயே வியர்த்திருந்தது. கருவி அறையில் மதியம் ஒரு மணி வரைதான் எனக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவசரம். மைனஸ் 20 ஃப்ரீசரிலிருந்து புதுக் குப்பியை எடுத்தேன். எடுத்த கையோடு மூடியைத் திருகினேன். கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்ப மூடி ஃப்ரீசரில் வைத்தேன். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கலாம். குப்பியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பனி பூத்ததைப் பார்த்தேன். துடைத்தேன். உள்ளேயும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றவில்லை.

அமிலாய்டு பீட்டா நாராக மாறுவதைப் பார்க்கத் தயோஃப்ளேவின் டி என்ற மஞ்சள் சாயத்தைக் கலப்போம். நார் உருவாக உருவாகச் சாயம் ஒளிரும். நல்ல பெப்டைடாக இருந்தால் கோடு முதலில் தரையோடு கிடக்கும், ஒன்றுமே நடக்காததுபோல. பிறகு சட்டென்று ஏறும், பிறகு சமமாக நிற்கும். அந்த ஆரம்ப மௌனத்தில்தான் எங்கள் ஆராய்ச்சியே இருந்தது. எந்த மூலக்கூறு அந்த மௌனத்தை நீட்டுகிறது என்பதுதான் கேள்வி.

என் கோடுகள் மௌனமே இல்லாமல் முதல் நிமிடத்திலிருந்தே ஏறின. பஃபரை மாற்றினேன், சாயத்தை மாற்றினேன், தட்டை மாற்றினேன். வெப்பநிலை 37 தானா என்று தனியாக வெப்பமானி வைத்துப் பார்த்தேன். டிசம்பர் போயிற்று, பொங்கல் போயிற்று. பிப்ரவரியில் மேடம் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டே போனார். நவம்பர் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து எவ்வளவு நேரம் கழிச்சுத் திறந்தே?"

நான் பதில் சொல்லவில்லை. நோட்டில் அது எழுதப்படவும் இல்லை.

வீட்டில் பாலைத் தோய்க்கிற எவருக்கும் நடந்தது என்ன என்று எளிதில் புரியும். ஒரு சொட்டு உறை போதும், பால் முழுக்கத் தயிராகிவிடும். குளிர்ந்த குப்பியைத் திறந்ததும் சென்னைக் காற்றின் ஈரம் பொடியின் மேல் தண்ணீராகப் படிந்தது. அந்தத் துளி ஈரத்தில் சில சங்கிலிகள் ஒட்டிக்கொண்டன. ஒட்டியவை உறையாகிவிட்டன. அதன்பின் அந்தக் குப்பியிலிருந்து நான் எடுத்த ஒவ்வொரு துளியிலும் உறை இருந்தது. மூன்று மாதச் சோதனையைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தேன். மேடம் திட்டவில்லை. புதுக் குப்பிக்கு ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு மணி நேரம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை மூடியோடு டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத பாத்திரத்துக்குள் வைப்பேன். அடியில் நீல சிலிகா ஜெல். அறையின் வெப்பத்துக்குக் குப்பி வந்த பிறகுதான் மூடியில் கை படும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடக்கூடாது என்று அம்மா சொன்னபோது வராத ஒழுக்கம் இதில் வந்தது. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் சிலிகா ஜெல்லின் நிறத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. நீலம் வெளுத்து ரோஜா நிறம் ஏறியிருந்தால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். தட்டில் பரப்பி ஓவனில் வைத்தால் மறுபடியும் நீலமாகும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு தடவை வறுத்திருக்கிறேன்.

உறையை அழிக்க ஒரு வழி உண்டு. அதை அக்கா சொல்லிக் கொடுத்தார். ஹெக்ஸாஃப்ளூரோ ஐசோப்ரொப்பனால் என்ற கரைப்பானில் பெப்டைடைக் கரைத்தால், ஒட்டிய சங்கிலிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துவிடும். மூக்கைக் குத்தும் திரவம். 58 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்டுக்குள் கை வைத்துத்தான் செய்ய வேண்டும். கரைந்ததைச் சின்னச் சின்னக் குழாய்களில் பங்கு வைத்து, மூடிகளைத் திறந்தபடி ராத்திரி முழுக்க ஃப்யூம் ஹூட்டுக்குள் விட்டுவிடுவோம். மறுநாள் காலையில் கரைப்பான் போயிருக்கும். குழாயைச் சாய்த்துப் பார்த்தால், கஞ்சி வடித்த பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து நிற்கும் ஏடுபோல, கண்ணாடியாய் ஒரு படலம். அதைக் கொஞ்ச நேரம் வெற்றிடத்தில் வைத்து, மூடி, பாராஃபில்ம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஃப்ரீசருக்குள் வைப்போம். அந்தப் படலம் மாதக்கணக்கில் தாங்கும்.

சோதனை அன்று ஒரு குழாயை மட்டும் எடுத்து டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைக்க வேண்டும். அந்த டி.எம்.எஸ்.ஓ. விஷயத்திலும் சென்னை குறுக்கே வரும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதில் அதற்கு இணை இல்லை. பெரிய பாட்டிலைப் பத்து பேர் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் அது உலர்ந்த டி.எம்.எஸ்.ஓ. இல்லை. அதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. சுத்தமான டி.எம்.எஸ்.ஓ. 18 டிகிரிக்குச் சற்று மேலேயே கட்டியாகிவிடும். ஏசியை அதிகமாக வைத்த அறையில் பாட்டிலுக்குள் படிகம் படிந்திருந்தால் எனக்கு நிம்மதி. தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் குளிரில் அது உறையாது.

ஒரு தடவைக்கு ஒரு குழாய் என்பதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கரைத்ததை உருக்கி எடுத்து, மிச்சத்தைத் திரும்ப உறைய வைப்பது எந்தப் பெப்டைடுக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு முறை உறையும்போதும் தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரிய, கரைந்திருந்தவை இடுக்கில் நெருக்கப்படுகின்றன. பங்கு வைப்பது பத்து நிமிட வேலை. அதைச் சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போட்டுப் பத்து மாதம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போன சில ஆய்வகங்களில் வீட்டு ஃப்ரிட்ஜையே வாங்கி வைத்திருப்பார்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று வசதியாக இருக்கும். பனி சேராமல் இருக்க அந்த வகை ஃப்ரீசர் அவ்வப்போது தானாகவே சூடாகித் தணிகிறது. நாம் தொடாமலேயே உள்ளே இருப்பது இளகி இளகி உறைகிறது. பெப்டைடுக்கு, பனி சேர்ந்து கையால் சுரண்ட வேண்டிய பழைய ஃப்ரீசர்தான் நல்லது.

எல்லாப் பெப்டைடும் என்னுடையதைப்போல முரண்டு பிடிக்காது. தேனீ விஷத்தின் மெலிட்டின் 26 மணிச் சங்கிலி, நேர்மின்னேற்றம் மிகுந்தது, தண்ணீரிலேயே கரையும். ஆனால் மிகக் குறைந்த செறிவில் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாம் எடுத்தோம் என்று நினைக்கிற அளவு பைபெட்டுக்குள் வந்திருக்காது. "முதல்ல வரிசையைப் படி, அப்புறம் தண்ணியைத் தொடு" என்பார் அக்கா. லைசின், ஆர்ஜினின் அதிகமா, ஆஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அதிகமா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் எதில் கரைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். சிஸ்டீனோ மெத்தியோனினோ இருந்தால் காற்றின் ஆக்ஸிஜனுக்குப் பயப்பட வேண்டும். குப்பிக்குள் ஆர்கான் வாயுவை மெதுவாக ஊதி மூட வேண்டும். பரிசோதித்துப் பார்க்கத் துணுக்குப் பொடியை மட்டும்தான் எடுக்க வேண்டும். முழுக் குப்பியில் நேராக எதையும் ஊற்றிவிடக் கூடாது.

2016 டிசம்பர் 12, திங்கள்கிழமை, வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் வளாகத்தில் விழாத மரத்தை எண்ணுவது எளிது. மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் மறுநாள் மதியம் டீசல் தீர்ந்து நின்றது. அக்கா அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விட்டார். போன் கோபுரங்கள் வேலை செய்யாததால் மேடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆய்வகத்தில் மூத்தவள் நான்தான்.

மைனஸ் 80 ஃப்ரீசரின் கதவில் செலோடேப் ஒட்டி, திறக்காதீர்கள் என்று எழுதி வைத்திருந்தோம். திறக்காத வரை ஒரு நாள் தாங்கும். அடுத்து என்ன செய்வது? உலர்பனிக்கட்டி வாங்க வேண்டும். பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம்.கள் மூடிக் கிடந்தன. கார்டு தேய்க்கும் கருவிக்கு மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. விற்பவர் ரொக்கம்தான் வேண்டும் என்றார். மாணவர்கள் எல்லோரும் பர்ஸைத் திறந்து மேசை மேல் கொட்டினோம். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன், தன் வீட்டுக்குப் போய், மளிகைக்கு வைத்திருந்த நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். முறிந்த கிளைகளுக்கு நடுவே வண்டியை உருட்டிக்கொண்டு போய், இரண்டு தெர்மாகோல் பெட்டி நிறைய உலர்பனிக்கட்டியோடு அவர் திரும்பியபோது இருட்டிவிட்டது.

இரண்டு பெட்டிக்குள் எல்லாம் கொள்ளாது. ஃப்ரீசரை ஒரே ஒரு முறை திறக்கலாம். எதை எடுப்பது என்று டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டேன். முதலாண்டு மாணவன் ஒருவன் தன் புதுக் குப்பிகளைக் காட்டி, "அக்கா, இதெல்லாம் இப்பத்தான் வந்துச்சு" என்று அழாத குறையாக நின்றான். அவை உலர்ந்த பொடி, மூடி திறக்காதவை. "இது நாலு நாள் தாங்கும்டா, விடு" என்றேன். கரைத்துப் பங்கு வைத்த குழாய்கள், நொதிகள், செல் மாதிரிகள் ஆகியவற்றுக்குத்தான் பெட்டியில் இடம் கொடுத்தேன். உலர்பனிக்கட்டியிலிருந்து கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு இடுக்கு வழியாகக் குழாய்க்குள் போனால் உள்ளே அமிலமாகும். அதனால் ஒவ்வொரு மூடிக்கும் பாராஃபில்ம் சுற்றினோம். அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தோம். ஒரு குழாயைத் துடைத்து, சுற்றி, பெயர் சொல்லி, எழுதி, அடுக்கி, ஆறு பேர் சேர்ந்து நாற்பது நிமிடத்தில் முடித்தோம்.

வியாழக்கிழமை மின்சாரம் வந்தது. அந்த மாணவனின் குப்பிகளில் ஒன்றைப் பிறகு எச்.பி.எல்.சி.யில் ஓட்டினோம். ஒரே முகடு, அதே இடம், சான்றிதழில் இருந்தபடியே. அவன் அந்தத் தாளை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேல் ஒட்டிவைத்தான்.

இன்னொரு குப்பி அப்படித் தப்பிக்கவில்லை. யாரோ எப்போதோ திறந்து, தேதி எழுதாமல் ஃப்ரீசரின் மூலையில் விட்டுப்போன அமிலாய்டு பீட்டா. நிறமும் பொடியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை அலைமாலைமானியில் கொடுத்தபோது, 4,514 இருக்க வேண்டிய இடத்துக்கு 16 தள்ளி, 4,530இல் இன்னொரு முகடு முதல் முகட்டின் உயரத்துக்கே நின்றது. 35ஆவது மணியான மெத்தியோனினில் ஓர் ஆக்ஸிஜன் ஏறியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடி. அதன்பின் எங்கள் ஆய்வகத்தில் குப்பியை முதன்முதலில் திறந்தவர் பெயர், தேதி, எத்தனை முறை திறந்தார்கள் என்ற எண்ணிக்கை மூன்றும் மூடியின் மேல் இல்லாமல் எதுவும் ஃப்ரீசருக்குள் போகக் கூடாது என்று விதி வைத்தோம்.

போன வருடம் தீபாவளிக்குக் கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் ஜிம்முக்குப் போகிறவன். மாடிக்குக் கூப்பிட்டு, ஒரு துணிப்பையிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான்.

"அத்தை, நீங்க இதுலதானே பிஎச்டி பண்ணீங்க? தோள்பட்டை வலிக்கு நல்லதாம். ஆன்லைன்ல வாங்கினேன். எப்படிக் கலக்குறதுன்னு சொல்லுங்க."

நான் குப்பியைப் பழக்கப்பட்ட கையோடு விளக்குக்கு நேராகச் சாய்த்தேன். அதே வெள்ளைத் தீற்றல். லேபிளில் ஆய்வக ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. கூரியர்காரர் வெயிலில் எத்தனை நாள் வைத்திருந்தார் என்று கேட்டேன். தெரியாது. நிகர அளவு எவ்வளவு, என்ன உப்பு, யார் பார்த்த எச்.பி.எல்.சி.? தெரியாது. அவனுடைய தப்பு இல்லை. குப்பியைப் பார்த்து எனக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் இதே பொடியோடு இருந்த எனக்கு, நிறை அலைமாலைமானி இல்லாமல், அதற்குள் இருப்பது பெப்டைடா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆய்வகத் தரத்தில் வரும் குப்பியில் கிருமி இருக்கிறதா, பாக்டீரியாவின் நச்சு இருக்கிறதா என்று பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. குழாய்க்குள் நடக்கும் சோதனைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஊசி வழியாக உடம்புக்குள் போவதற்கு அது இல்லாமல் முடியாது.

எப்படிக் கலப்பது என்று நான் சொல்லவில்லை. இதையெல்லாம் அவனிடம் உட்கார்ந்து சொன்னேன். மூன்று குப்பிகளையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவனை எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தசைநாரில் சிறு கிழிசல், ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது, பிசியோதெரபி என்றார்.

உங்கள் வீட்டுப் பையன் அறையிலும் அப்படி ஒரு குப்பி இருக்கலாம். திட்டாமல் கேளுங்கள். தயவுசெய்து அதை ஊசியில் ஏற்ற விடாதீர்கள். வலி எங்கே என்று கேட்டு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.